தண்டுவடக் காயமும் சிறுநீர்ப்பையும்: குழாயிலிருந்து உயிரணு வரை

முன்னுரை

தண்டுவடக் காயத்தில் உயிர்தப்பியவர்களை நெடுங்காலம் பலிகொண்டது சிறுநீரகச் சீரழிவு. முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் மாண்டனர். இந்நிலையை முதலில் மாற்றியது நடைமுறைப் பழக்கம்; சீரழிவுக்கான காரணத்தை உயிரணு ஆய்வு பின்னரே விளக்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழாயின் காலம்

1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், சிறுநீரை வடிக்கும் குழாயை நிரந்தரமாக வைக்காமல் வேளைக்கு வேளை செலுத்தி எடுக்கும் முறையை வளர்த்தார். ஹான்ஸ் ஃபிராங்கலுடன் சேர்ந்து அதன் பலன்களை 1966-இல் வெளியிட்டார். இந்தியாவில் அதே ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர்.

குட்மன் முறைக்குக் கிருமிநீக்கிய கருவிகளும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். 1972-இல் அமெரிக்காவின் ஜாக் லாபிடஸ் அக்கட்டாயத்தைத் தளர்த்தினார். நிரம்பி விரியும் பையின் சுவரில் இரத்த ஓட்டம் குறைவதே தொற்றுக்கு இடம் தருகிறது என்று அவர் கருதினார். எனவே கையைச் சுத்தமாகக் கழுவி, நேரம் தவறாமல் நோயாளியே குழாய் போட்டுக்கொண்டால் போதும் என்றார். மருத்துவமனை வேலை வீட்டு வேலையானது. தென்காசி அருகே ஆய்க்குடியில், தாமே தண்டுவடக் காயமுற்ற எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற கிராமப்புற மறுவாழ்வுப் பணிக்கு இத்தகைய எளிமையே பொருந்தும்.

உயிரணு சொன்ன காரணம்

நலமான உடலில் பை நிரம்பிய செய்தியை ஏ-டெல்டா நரம்பிழைகள் மூளைத்தண்டுக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கிருந்து வரும் கட்டளையால் பைத்தசை சுருங்க, பையின் வாயிலுள்ள சுருக்குத்தசையான வாய்த்தசை தளர்கிறது. இப்பாதை அறுந்ததும் பை சில வாரங்கள் துவண்டு கிடக்கும். அதன்பின், அதுவரை பெரும்பாலும் மௌனமாயிருந்த சி-நரம்பிழைகள் விழித்துக்கொள்வதை வில்லியம் டி குரோட்டின் பூனை ஆய்வுகள் காட்டின. பைச்சுவரில் பெருகும் நரம்பு வளர்ச்சிக் காரணி இவ்விழைகளின் கூருணர்வைக் கூட்டுகிறது. மூளையைக் கேளாமல் தண்டுவடத்தின் அடிப்பகுதியே பையைச் சுருக்குகிறது. வாய்த்தசையும் கூடவே இறுகுகிறது. அழுத்தம் ஏறி, சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்தை எட்டக்கூடும்.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் இந்த இழைகளைத் தூண்டிப் பின் மரத்துப்போகச் செய்யும். 1992-இல் கிளேர் ஃபௌலர் குழுவினர் அதைப் பைக்குள் செலுத்திப் பார்த்தனர். அக்காரத்தை உணரும் டிஆர்பிவி1 ஏற்பியை டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் இனங்கண்டது. 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2000-இல் பிரிகிட் ஷுர்ஹ் குழு போட்டுலினம் நச்சைப் பைத்தசையில் ஊசியாகச் செலுத்திக் கண்ட பலனை வெளியிட்டது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளியாவதைத் தடுக்கும் அம்மருந்து இன்று நிலைபெற்ற சிகிச்சை.

முடிவுரை

தண்டுவடக் காயமுற்ற நோயாளிக்கு இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. துணி நனையவில்லை என்பது நலத்துக்குச் சான்றாகாது. உணர்வு அற்ற பையில் அழுத்தம் ஏறினாலும் வலி தெரியாது. வேளை தவறாத குழாய்ப் பழக்கத்தோடு, பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையும் தொடர்சிகிச்சையில் இடம்பெற வேண்டும்.