கடல் திருத்திய கணக்கு



"மலருக்கு ஒரு கட்டுரை குடுப்பா, உனக்குத் தெரிஞ்ச விஷயமா எழுது" என்று சங்கத்திலிருந்து போன் வந்ததும், எனக்கு நினைவுக்கு வந்தது 2011-ல் வைவாவில் வாங்கிய குட்டுதான்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட். மூன்று மிதவைகளைக் கீல் போட்டு வரிசையாக இணைத்துக் கடலில் விட்டால், அலை ஏறி இறங்கும்போது கீல்கள் மடங்கும். அந்த மடக்கத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம். நாங்கள் நான்கு பேரும் ஒரு மிதவைக்குக் கணக்குப் போட்டோம், விடையை மூன்றால் பெருக்கினோம். ஹாஸ்டலில் விடிய விடிய உட்கார்ந்து கலர் கலராக வரைபடம் வேறு! வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்ப்பா, முதல் மிதவை ஆடினா தண்ணி கலங்காதா? அந்தக் கலக்கம் ரெண்டாவதைப் போய்த் தொடாதா?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்த வரலாறு எனக்குத் தெரியவந்தது.

1973-ல் எண்ணெய் விலை எகிறியதும், பிரிட்டன் தன் கடலைத் திரும்பிப் பார்த்தது. 1974-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்டர், அலையில் தலையாட்டும் 'வாத்து' என்ற கருவியை 'நேச்சர்' இதழில் விவரித்தார். நீண்ட தண்டு ஒன்றில் பல வாத்துகளைக் கோப்பது அவர் திட்டம். ஹோவர்கிராப்டைக் கண்டுபிடித்த சர் கிறிஸ்டோபர் காக்கரெல், தெப்பங்களைக் கீலால் இணைத்தார். எங்கள் ப்ராஜெக்டின் பாட்டனார் அவர்தான்! அவருடைய தெப்பம் பத்தில் ஒரு பங்கு அளவில் 1978-ல் சோலன்ட் நீரிணையில் சோதிக்கப்பட்டது.

கணக்கும் கூடவே வளர்ந்தது. கப்பல் அசைவை ஆராய்ந்த அமெரிக்கரான கம்மின்ஸ், 1962-லேயே ஒரு சமன்பாடு தந்திருந்தார். மிதவை ஆடி எழுப்பிய அலை உடனே மறைந்துவிடுவதில்லை. சற்று முன் நடந்த அசைவின் விளைவு இப்போதைய விசையிலும் இருக்கும். தண்ணீருக்கும் ஞாபகம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1977-ல் நார்வேயின் புடால், ஒன்றையொன்று பாதிக்கும் பல மிதவைகளுக்கு விதி எழுதினார். 1979-ல் ஹாரன், மெய் இருவரும் தெப்ப வரிசைக்கே கணிதம் அமைத்தார்கள்.

இதைக் கம்ப்யூட்டர் எப்படிச் செய்கிறது? மிதவையின் நனைந்த பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் நீரழுத்தம் காண்கிறது. ஒரு மிதவைக்கு ஆறு அசைவுகள், மூன்றுக்குப் பதினெட்டு. ஆக 18 x 18, அதாவது 324 எண்கள் கொண்ட அணி. அதன் மூலைவிட்டத்தை ஒட்டிய மூன்று 6 x 6 கட்டங்கள், ஒவ்வொரு மிதவையும் தன்னைத்தானே பாதிப்பதைச் சொல்பவை. மீதி 216 எண்களும் ஒன்று மற்றொன்றைத் தொடும் கதை. நாங்கள் விட்டுவிட்டது அந்த 216-ஐத்தான்! பிறகு கீல்கள். ஒவ்வொரு கீலும் ஐந்து அசைவுகளைக் கட்டிப்போடுவதால், மிஞ்சுவது எட்டு. அதில் ஆறு மொத்த அமைப்பின் அசைவு. மின்சாரம் தருவது இரண்டு மடக்கங்கள் மட்டுமே.

சால்டரின் எடின்பரோ குழுவில் பயின்ற ரிச்சர்ட் யெம், 1998-ல் ஒரு நிறுவனம் தொடங்கி, கடல்பாம்பின் பெயர் கொண்ட 'பெலாமிஸ்' இயந்திரத்தை உருவாக்கினார். 120 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் விட்டம், நான்கு உருளைகள், 750 கிலோவாட். கணினி மாதிரியோடு நிற்காமல், ஏழில் ஒரு பங்கு அளவு உட்படப் பல சிறு மாதிரிகளையும் சோதித்த பிறகே முழு இயந்திரத்தைக் கட்டினார்கள். 2004-ல் ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவருகே அது மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தந்தது. நடுக்கடல் மிதவை அலை இயந்திரம் ஒன்று அப்படித் தந்தது உலகில் அதுவே முதல் முறை.

2008 செப்டம்பரில் போர்ச்சுகலின் அகுசாதோரா கரைக்கு அப்பால் மூன்று பெலாமிஸ்கள் தொடக்க விழா கண்டன. இரண்டே மாதத்தில் கரைக்கு இழுத்து வரப்பட்டன. பேரிங்குகளில் கோளாறு, முதலீட்டாளருக்கோ பண நெருக்கடி. 180 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் தலைமுறை இயந்திரம் 2010-ல் வந்தும், நிறுவனம் 2014 நவம்பரில் திவாலாகிவிட்டது.

அலையின் விசையைக் கணித்துவிடலாம். உப்புநீரில் லட்சக்கணக்கான தடவை மடங்கும் மூட்டின் தேய்மானத்தை அந்த 324 எண்களில் தேடினால் கிடைக்காது. கணக்கு பொய்யில்லை, நாம் கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லும். கேட்காமல் விட்டதைக் கடல் கேட்டுவிடுகிறது.

ஆனாலும் எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். பெலாமிஸின் அறிவுச் சொத்தை ஸ்காட்லாந்து அரசு சார்ந்த அமைப்பு வாங்கிக் காத்துவைத்தது. அதே 2014-ல் பிரான்சின் நாந்த் நகரிலிருந்து 'நெமோ', அமெரிக்க ஆய்வகங்களிலிருந்து 'வெக்-சிம்' ஆகிய மென்பொருள்கள் திறந்த மூலமாக வெளிவந்தன. நாங்கள் திணறிய அந்த 216 எண்களை இன்று உங்கள் லேப்டாப்பே போட்டுத் தந்துவிடும்.

ஜூனியர்களே, அதனால்தான் சொல்கிறேன்: விடை சுலபமாக வரும் காலத்தில், கேள்வியில்தான் ஜாக்கிரதை வேண்டும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன், "இதில் நான் எதை விட்டுவிட்டேன்?" என்று ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். நாங்கள் எழுதவில்லை. அன்று குட்டிய அந்தத் தேர்வாளருக்கு என் வணக்கமும் நன்றியும்.