நாடாவும் அறையும் கையும்: ஜெர்மன் மின்னணு இசையின் ஒலி குறித்து

ஜெர்மன் மின்னணு இசையில் தோய்ந்த ரசிகர்கள் கூடினால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஒலி எந்தக் கருவியிலிருந்து வந்தது? க்ராஃப்ட்வெர்க் குழுவின் ‘ஆட்டோபான்’ ஆல்பத்தில் உருண்டோடும் கீழ்த்தொனி மினிமூக்கா, ஆர்ப் ஒடிசியா? ‘ரேடியோ-ஆக்டிவிட்டி’யில் கேட்கும் மனிதக் குரல்களின் திரள் எந்தப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தது? இவை வீண் கேள்விகள் இல்லை. கூர்ந்த செவியும் பல ஆண்டுத் தேடலும் இவற்றின் பின்னே இருக்கின்றன. பல கேள்விகளுக்குச் சரியான விடையும் கிடைத்துவிட்டது; அந்தக் குரல்திரள் ஒளித்தட்டில் பதிந்த ஒலிகளை இசைக்கும் வாக்கோ ஆர்க்கெஸ்ட்ரான் என்ற கருவியுடையது. ஆனால் விடை கிடைத்த பிறகும் ஒலி பிடிபடுவதில்லை. அதே கருவியை வாங்கி, அதே குமிழ்களை அதே அளவுக்குத் திருப்பினாலும், இசைத்தட்டில் கேட்டது வருவதில்லை. 1950களின் தொடக்கத்திலிருந்து 1970களின் இறுதிவரை ஜெர்மனியில் உருவான மின்னணு இசையின் ஒலியைச் சிந்தசைசருக்குள் தேடுவதே பிழை என்பது என் வாதம். ஒலிநாடா, அறையின் எதிரொலி, கலவை மேசை ஆகிய மூன்றையும் வைத்துக் கையால் செய்த வேலையில்தான் அந்த ஒலி திரண்டது. இயந்திரம் தானாகவே பாடுகிறது என்ற தோற்றமும் அந்தக் கைவேலையின் பயன்தான்.

இதற்கு முதல் சான்று கொலோன் நகரத்து வானொலி நிலையம். வெர்னர் மேயர்-எப்லர், ராபர்ட் பையர், ஹெர்பர்ட் ஐமெர்ட் ஆகியோரின் முயற்சியால் 1951இல் அங்கு மின்னணு இசைக் கூடத்துக்கு வித்திடப்பட்டது. மெலோகார்ட், மோனோகார்ட் என்ற இரண்டு மின்னணு வாசிப்புக் கருவிகள் அங்கே இருந்தன. இளைஞராக வந்து சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹௌசன் அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, அளவீட்டுக்குப் பயன்பட்ட சைன் அலையியற்றியைக் கையில் எடுத்தார். இசைக்கருவி என்று யாரும் சொல்லாத பெட்டி அது. ஒற்றை அதிர்வெண்ணில் நிறமற்ற ஒரு ஒலியைத் தருவதே அதன் வேலை. 1954இல் அவர் செய்த ‘ஷ்டூடியே 2’, மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் ஒரு படைப்பு. அதற்காக 5இன் 25ஆம் மூலத்தை விகிதமாகக் கொண்டு 81 அதிர்வெண்களை வகுத்தார். நமக்குப் பழகிய அரைச்சுரத்தைவிடச் சிறிது அகன்ற படிகள் அவை. இந்தக் கணக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கணக்கை ஒலியாக்கிய விதம் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவு, ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஐந்து சைன் ஒலிகளைத் தனித்தனியே நாடாவில் பதிந்து, சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, எதிரொலி அறைக்குள் ஒலிக்கவிட்டார். ஐந்தும் அறைச்சுவர்களில் மோதி ஒன்றுக்குள் ஒன்று கரைந்து எழுந்த கார்வையை மறுபடி நாடாவில் பிடித்தார். படைப்பில் நாம் கேட்பது அந்தக் கார்வையை. சில இடங்களில் அதைத் தலைகீழாக ஓட்டியதால், ஒலி தேய்வதற்குப் பதில் வளர்ந்து வந்து சட்டென அறுகிறது. அலையியற்றி தந்தது மூலப்பொருள். ஒலிக்கு உடலைக் கொடுத்தவை கத்தரி, பசை நாடா, ஒரு வெற்று அறை.

கொலோன் கூடத்திலிருந்து 1970களின் குழுக்களுக்கு நேர்க்கோடு ஒன்றை வரைந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கான் குழுவின் ஹோல்கர் சுகாய், இர்மின் ஷ்மிட் இருவரும் ஷ்டாக்ஹௌசனிடம் பயின்றவர்கள். சுகாய் தம் ‘கனாக்ஸிஸ்’ இசைத்தட்டை அதே வானொலிக் கூடத்தில் இரவு நேரங்களில் தொகுத்தார். மற்றவர்களுக்கு அப்படிப்பட்ட குருமரபு ஏதும் இல்லை. அவர்களைக் கொலோனுடன் இணைப்பது வேலை முறை. குழு மணிக்கணக்கில் வாசிக்கும், நாடா ஓடிக்கொண்டே இருக்கும், பின்பு கத்தி வேலை செய்யும்: கான் குழுவின் தொடக்ககால ஆல்பங்கள் இப்படித்தான் உருவாயின. காந்த ஒலிநாடாப் பெட்டியை 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் முதலில் உலகுக்குக் காட்டியது ஜெர்மன் நிறுவனமான ஏஇஜி. அந்த நாட்டின் வானொலி நிலையங்களிலும் பதிவுக் கூடங்களிலும் நாடாவை வெட்டி ஒட்டும் கைப்பழக்கம் இசைக்குழுக்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே ஊறியிருந்தது.

கருவியே ஒலியைத் தீர்மானிக்கிறது என்றால் இரண்டு விஷயங்கள் நடந்திருக்க வேண்டும்: ஒரே கருவி உள்ள இடங்களில் ஒரே ஒலி கேட்க வேண்டும், கருவி இல்லாத இடத்தில் அந்த ஒலி கேட்கக் கூடாது. இரண்டும் நடக்கவில்லை. மினிமூக் 1970 முதல் விற்பனைக்கு வந்து, நான்கே ஆண்டுகளில் இரண்டு கண்டங்களின் மேடைகளிலும் இடம்பிடித்துவிட்டது. ஆனால் 1974இல் வெளியான ‘ஆட்டோபான்’ போல வேறெதுவும் ஒலிக்கவில்லை. மறுபுறம், க்ளவுஸ் ஷூல்ட்ஸ 1972இல் வெளியிட்ட ‘இர்லிக்ட்’ மின்னணு இசையின் மைல்கற்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது, ஆனால் அதில் சிந்தசைசர் கிடையாது. மாற்றியமைத்த ஓர் ஆர்கன், பழுதான ஒலிபெருக்கி, தலைகீழாக ஓட்டிய வாத்தியக்குழு ஒத்திகைப் பதிவு, இவ்வளவுதான். தெரியாமல் கேட்பவர் இதை முழுக்க முழுக்கச் சிந்தசைசர் என்றே சொல்வார். நொய் குழுவை எடுத்துக்கொண்டால் வாதம் இன்னும் வலுப்பெறும். இயந்திரத் தாளம் என்று உலகம் கொண்டாடும் அந்த நடையை வாசித்தது க்ளவுஸ் டிங்கர் என்ற மனிதர், சாதாரண டிரம்மில், இரண்டு கைகளாலும் கால்களாலும். ‘மோட்டோரிக்’ என்று மற்றவர்கள் இட்ட பெயரை அவர் ஏற்கவில்லை. நீண்ட நேர்ப்பாதை என்ற பொருள்படும் பெயரையே விரும்பினார். பாதையில் போகிறவரின் அனுபவத்தைச் சொல்லும் பெயர் அது; இயந்திரம் அதில் இல்லை. 1973இல் அந்தக் குழுவின் இரண்டாம் ஆல்பத்துக்குக் காசு தீர்ந்தபோது, முன்பே வெளியிட்டிருந்த சிறு தட்டின் இரண்டு பாடல்களை 16, 78 ஆகிய சுழற்சி வேகங்களில் ஓட்டிப் பதிந்து இரண்டாம் பக்கத்தை நிரப்பினார்கள். அன்று பலருக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. எனக்கு அது கொலோன் அறையின் நியாயத்தையே தெருவுக்குக் கொண்டுவந்த செயல்: ஒலியை மீட்டும் சாதனத்தையே ஒலியை ஆக்கும் சாதனமாக்கியது.

நொய், க்ளஸ்டர், ஹார்மோனியா, ‘ஆட்டோபான்’ வரையிலான க்ராஃப்ட்வெர்க் ஆகிய அனைத்தையும் இணைக்கும் ஒரு கை ஒலிப்பொறியாளர் கோனி ப்ளாங்குடையது. ‘ஆட்டோபான்’ தலைப்புப் பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், 22 நிமிடத்துக்கு மேலாக, நிறைக்கிறது. தொடக்கத்தில் கார்க் கதவு சாத்தப்படுகிறது, எஞ்சின் உறுமுகிறது, ஹாரன் ஒலிக்கிறது. அதற்குப் பின் வரும் இசையில் சிந்தசைசர் மட்டும் இல்லை. ஃப்ளோரியான் ஷ்னைடரின் புல்லாங்குழலும் கிட்டாரும் கலந்திருக்கின்றன. வாகனங்கள் இடமிருந்து வலமாகக் கடந்து போவதாகத் தோன்றும் அந்த வீச்சைக் கவனியுங்கள். ஒலி தொலைவில் மங்கி, அருகில் வரும்போது விரிந்து, கடந்ததும் ஒரு பக்கமாகச் சரிகிறது. எந்தச் சிந்தசைசரும் தானாக இடம் மாறாது. கலவை மேசையில் ஒரு கை குமிழைத் திருப்பும்போதுதான் ஒலி நகர்கிறது. கணினி உதவி இல்லாத அக்காலத்து மேசையில் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தையும் நாடா ஓடும்போதே விரலால் செய்ய வேண்டும். ஓரிடம் பிசகினால் திரும்பவும் தொடங்க வேண்டும். கலவை என்பது அங்கே இன்னொரு வாசிப்பு. தாளமும் அப்படித்தான்: உலோகக் குச்சியால் தட்டினால் மின்சுற்று மூடி ஒலியெழும் பலகைகளைக் குழுவினரே செய்துகொண்டார்கள். இந்த மின்னணுத் தாளக்கருவிக்கு ரால்ஃப் ஹ்யூட்டர், ஷ்னைடர் பெயர்களில் 1977இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஒலி மின்னணு; அடி மனித அடி.

இயந்திரமே முழுப்பொறுப்பில் இருந்ததாக நம்பப்படும் ஓர் ஆக்கத்தையும் பார்க்க வேண்டும். டேன்ஜரின் ட்ரீம் குழு 1973 நவம்பரில் இங்கிலாந்தின் மேனர் கூடத்தில் பதிவு செய்த ‘ஃபீட்ரா’வில் சுரவரிசையைத் தானே சுழலவிடும் கருவியான, கிறிஸ்டோஃப் ஃப்ராங்கவின் மூக் சீக்வென்சர்தான் முதுகெலும்பு. அக்கால மூக் சீக்வென்சரில் மூன்று வரிசைகள், வரிசைக்கு எட்டுக் குமிழ்கள். நினைவகம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் காதால் கேட்டுக் கையால் சேர்க்க வேண்டும். சேர்த்த சுருதியும் நிற்காது. மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் ட்ரான்சிஸ்டர் சுற்று வெப்பத்துக்கு இளகுவது. ஈடுகட்டும் பாகம் இல்லாத சுற்றில் 1 டிகிரி செல்சியஸ் மாறினால் சுர இடைவெளி ஏறக்குறைய 0.3 சதவீதம் பிசகும். ஆதாரத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளிய சுரத்தில் அது அரைச்சுரத்தின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். கருவி சூடேற ஏற, தலைப்புப் படைப்பில் சில அலையியற்றிகள் சுருதி விலகுகின்றன. இசைத்தட்டிலேயே அது கேட்கிறது. குழு அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியவில்லை; விலகலையே இசையின் போக்காக ஏற்றுக்கொண்டது. சுருதி சுத்தத்தில் வளர்ந்த காதுக்கு இது குறைபாடாகப் படலாம். ஆனால் எந்தப் பதிவை வைத்துக்கொள்வது என்ற அந்த முடிவுதான் படைப்பின் மையம், அது இயந்திரம் எடுத்த முடிவு இல்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். க்ராஃப்ட்வெர்க் ‘ஆட்டோபானு’க்குப் பின் ப்ளாங்கை விட்டுப் பிரிந்தது, டூஸல்டார்ஃபில் தம் சொந்தக் கூடமான கிளிங் கிளாங்கில் ஆல்பங்களைத் தாமே தயாரித்தது, பான் நகரத்தில் செய்வித்த சிந்தனோர்மா சீக்வென்சரை 1977இன் ‘ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ காலத்தில் புகுத்தியது, 1978இல் ‘மனித-இயந்திரம்’ என்றே ஆல்பத்துக்குப் பெயர் வைத்தது. அவர்களே ஒப்புக்கொண்டதை மறுக்க நாம் யார்? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. சீக்வென்சர் வந்த பிறகு சுரவரிசையின் காலக்கணக்கு விரல்களிடமிருந்து போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு ஆல்பங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், மின்னணுத் தாளத்துக்குக் கார்ல் பார்டோஸ், வோல்ஃப்காங் ஃப்ளூர் என்று இருவர் பெயர் இருக்கிறது. அலமாரி நிறைய மின்சுற்று இருந்தும் தட்டுவதற்கு இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ப்ளாங்கின் இடத்தில் குழுவினரின் கைகளே அமர்ந்தன, கை விலகவில்லை. ரோபோ வேடம் அவர்கள் படைத்த கலையின் பொருள். அதையே அவர்கள் வேலை செய்த முறைக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்வது, நாடகத்தின் அரசனை நிஜ அரசன் என்று நம்புவது போன்றது.

இதைவிடக் கடினமான மறுப்பு நீதிமன்றத்திலிருந்து வருகிறது. ‘ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ ஆல்பத்தின் ‘மெட்டால் அவுஃப் மெட்டால்’ பகுதியிலிருந்து இரண்டு விநாடித் தாளத்தை எடுத்து, 1997இல் மோசஸ் பெல்ஹாம் தயாரித்த சப்ரினா செட்லூரின் ‘நூர் மிர்’ பாடலில் சுழலவிட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. மிகச்சிறிய ஒலித்துணுக்குக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது, ஆனால் அத்துடன் ஒரு கேள்வியையும் விட்டுவைத்தது: இன்னொருவரால் அதற்கு ஈடான ஒலியைத் தானே செய்துகொள்ள முடியுமா? முடியும், சராசரித் தயாரிப்பாளர் ஒருவராலேயே 1997இல் முடிந்திருக்கும் என்று ஹாம்பர்க் மேல் நீதிமன்றம் 2011இல் கண்டது. அப்படியானால் கையும் அறையும் தந்த தனித்தன்மை எங்கே என்று கேட்கலாம். என் பதில் இது: இரண்டு விநாடிக்கு ஈடு செய்வது, எதைச் செய்ய வேண்டும் என்பது காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும்போது நடக்கும் வேலை. 1977இல் டூஸல்டார்ஃபில் யார் காதிலும் அது ஒலிக்கவில்லை. மேலும், நீதிமன்றம் அளந்தது கேட்பவருக்கு ஈடாகத் தோன்றுமா என்பதை. உருவான வழியை அது அளக்கவில்லை, அளக்கத் தேவையும் இல்லை. வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மெட்டை யாரும் திருடவில்லை, திருட்டு என்று சொல்லப்பட்டதெல்லாம் பதிவான ஒலியே. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019இல், செவிக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றினாலொழிய அத்தகைய துணுக்கு மறுபதிப்பே என்று தீர்ப்பளித்தது. ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ 1982இல் அதே ஆல்பத்தின் மெட்டை வேறு கருவிகளில் திரும்ப வாசித்து உலகெங்கும் போனபோது, மெட்டுக்குப் பயணிக்க ஒலி தேவையில்லை என்று தெரிந்தது. நியூயார்க்கில் பிறந்தது நியூயார்க்கின் ஒலி. மெட்டு வேறு, ஒலி வேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

2009இல் க்ராஃப்ட்வெர்க்கின் எட்டு ஆல்பங்கள் புதுக்கி வெளியிடப்பட்டபோது, நாடா இரைச்சலைத் துடைத்தது நியாயமா என்று ரசிகர்கள் பிளவுபட்டு வாதிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பித்தாகத் தோன்றும். எந்த ஆண்டு அச்சிட்ட தட்டு, எந்தத் தலைமுறை நாடா என்று பேசும் அவர்கள், எந்தச் சிந்தசைசர் என்று கேட்பவர்களைவிட விஷயத்துக்கு அருகில் இருக்கிறார்கள் என்பது என் முடிவு. இரைச்சலோடு சேர்ந்தே கார்வையின் கடைசி இழையும் நாடாவில் பதிந்திருக்கிறது. ஒன்றைத் துடைக்கும் கருவி மற்றதை எங்கே நிறுத்துவது என்று அறியாது. கொலோன் வானொலிக் கூடம் மூடப்பட்ட பிறகு அதன் அலையியற்றிகளும் வடிகட்டிகளும் நாடாப் பெட்டிகளும் ஓசன்டார்ஃப் பகுதியில் ஒரு நிலவறையில் பல ஆண்டுகள் பேணப்பட்டன. பார்க்கப் போனவர்களால் பொத்தானை அழுத்தி, ‘ஷ்டூடியே 2’இன் காலத்துச் சைன் ஒலியை அப்போதும் கேட்க முடிந்தது. அந்த ஐந்து ஒலிகளும் கரைந்து எழுந்த எதிரொலி அறை அவற்றோடு வரவில்லை.