மென்பொருளின் பிறந்த வீடு

பீசோ நுண்கருவிக்கு எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்கும் ஆய்வு மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அது யாருக்காக எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். மருமகள் சமையலில் பிறந்த வீட்டுக் கைமணம் போகாத மாதிரி, மென்பொருளிலும் போகாது.

அமுக்கினால் மின்னேற்றம் தரும் பீசோ படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் பாரிஸில் கண்டார்கள். அதிரும் படிகத்தை ஒரு மின்சுற்றாகவே வரைந்து கணக்குப் போட்டவர் பெல் ஆய்வகத்து வாரன் மேசன். தொலைபேசிக்காரர்களுக்கு வேண்டியது அலைவடிகட்டிதானே! தடிமன் திசையில் மட்டும் அதிரும் தகட்டுக்கு அந்த மாடல் இன்றும் போதும், காசு செலவில்லை.

உருவம் சிக்கலானால் அது கைகொடுக்காது. பொருளைச் சிறு கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு முனையிலும் இடப்பெயர்ச்சியோடு மின்னழுத்தத்தையும் சேர்த்துத் தீர்க்கும் வழியை 1970-இல் ஆலிக்கும் ஹியூஸும் எழுதினார்கள். பிறகு ஆளுக்கொரு பட்டறை. பிரான்ஸின் லீல் நகரத்து அட்டிலா என்ற மென்பொருள் சோனாருக்கென்றே பிறந்தது; நீரில் ஒலி பரவுவது அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆன்சிஸை எழுதிய ஜான் ஸ்வான்சன், வெஸ்டிங்ஹவுஸில் கட்டமைப்புகளின் தகைவுக் கணக்குப் பார்த்தவர். ஸ்டாக்ஹோம் காம்சால், ஃபெம்லாப் என்ற பெயரில் மேட்லாப் தோளில் ஏறி வந்தது. சமன்பாட்டையே திறந்து திருத்தலாம். எம்.ஐ.டி.யின் மெம்கேட் வழிவந்த கவென்ட்டரோ, சிலிக்கான்மேல் எதைப் படியவைத்து எதை அரிக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கும்.

இந்த வம்சாவளி ஏதோ ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. பொருளின் மாறிலி அட்டவணையில், நறுக்குத் தகைவுகளை ஐஇஇஇ தரநிலை ஒய்-இசட், எக்ஸ்-இசட், எக்ஸ்-ஒய் என்று அடுக்குகிறது. உற்பத்தியாளர்களும் பெரும்பாலும் அப்படியே அச்சிடுகிறார்கள். கட்டமைப்புக் கணக்கில் பிறந்த ஆன்சிஸின் வரிசையோ எக்ஸ்-ஒய், ஒய்-இசட், எக்ஸ்-இசட். வரிகளை மாற்றாமல் அப்படியே தட்டச்சு செய்தால் எச்சரிக்கை எதுவும் வராது. முதல் மூன்று வரிகள் இரண்டிலும் ஒன்றே என்பதால், பி.இசட்.டி. என்ற பீசோ பொருள் பூசிய நுண்கம்பி ஒழுங்காகவே வளையும். நறுக்கு அதிர்வைக் கேட்கும்போதுதான் வண்டவாளம் வெளிவரும். இதைச் சோதிக்க ஒரே ஒரு கனசதுரக் கூறு போதும். டெமோ காட்ட வருகிற விற்பனைப் பிரதிநிதி அதைச் செய்து காட்டி நான் பார்த்ததில்லை.

செல்போனுக்குள் இருக்கும் அலுமினியம் நைட்ரைடு வடிகட்டிகளுக்கு முதல் கணக்கை இன்றும் மேசன் மாடலில்தான் போடுகிறார்கள். பக்கவாட்டில் ஓடும் வேண்டாத அதிர்வுகளைப் பிடிக்கத்தான் விலையுயர்ந்த லைசென்ஸ்.