மவுசைக் குறைக்க வந்த கலவை

வீட்டுப் பசுமைக்குடிலில், மண்ணே இல்லாத வாளியில் குடைமிளகாய் காய்த்துத் தொங்குவதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் அந்த முறையை ஊரெல்லாம் பரப்ப ஆசைப்பட்டவர். மற்றவர் அதன் மவுசைக் குறைக்கப் பார்த்தவர். இன்றும் பேர் சொல்லி எல்லோரும் கரைத்து ஊற்றுவது இரண்டாமவரின் கலவையைத்தான்.

செடியை உப்புக் கரைசலில் வளர்ப்பது 1860களிலேயே ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் செய்து காட்டியதுதான். ஆனால் அது ஆய்வுக்கூடக் குடுவையோடு நின்றது. செடிக்கு எந்தெந்த உப்பு வேண்டும் என்று தெரிந்துகொள்வதே நோக்கம், காய் பறிப்பதல்ல. அதைத் தொட்டிக்குக் கொண்டுவந்தவர் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் கெரிக். ஆண்டு 1929. தொட்டியில் சத்து நீர், மேலே கம்பி வலை, வலைமேல் வைக்கோல் போன்ற ஏதாவது ஒரு படுக்கை. வேர் மட்டும் நீரில் இறங்கும். தக்காளிக் கொடிகள் 25 அடி உயர்ந்தன. ஏணி போட்டுப் பறித்தார்கள். பத்திரிகைகள் சும்மா இருக்குமா? இனி மொட்டைமாடியிலேயே குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் விளையும் என்கிற அளவுக்குப் பேச்சு போனது.

பல்கலைக்கழகம் கலவையின் விவரத்தைக் கேட்டது. கெரிக் உடனே கொடுத்துவிடவில்லை. பசுமைக்குடிலில் இடம் தராததால் சொந்த நேரத்தில் வீட்டில் செய்த வேலை அது என்பது அவர் வாதம். அவர் பக்கம் நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. மனக்கசப்பு முற்றி, கடைசியில் அவர் அங்கிருந்து வெளியேறினார்.

அவருடைய கூற்றுகளைச் சோதிக்கும் வேலை அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லண்டிடமும் டேனியல் ஆர்னனிடமும் வந்தது. 1938இல் அவர்கள் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்கள். நல்ல மண்ணில் நன்றாகப் பார்த்துக்கொண்ட பயிரைவிட நீர்ப்பயிர் ஒன்றும் அதிகமாக விளைந்துவிடாது என்பது அதன் முடிவு. ஆனால் அதிலேயே தங்கள் கலவையின் விவரத்தையும் ஒளிவுமறைவின்றி அச்சிட்டார்கள்: பொட்டாசியம் நைட்ரேட் இவ்வளவு, கால்சியம் நைட்ரேட் இவ்வளவு என்று, வீட்டுக்காரர்களும் அளந்து போட வசதியாக மேசைக்கரண்டிக் கணக்கோடு. ஆசையைத் தணிக்க வந்த வெளியீடு ஆசைக்காரர்களின் கைப்புத்தகம் ஆகிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை: இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குப் போன ஆர்னன், விளைநிலம் இல்லாத இடத்தில் சரளைக்கல்லிலும் சத்து நீரிலும் வீரர்களுக்குக் காய்கறி விளைவித்துக் கொடுத்தார்.

அப்போதும் இரும்பு ஒரு தலைவலிதான். கரைத்த இரும்பு சீக்கிரமே வண்டலாகி அடியில் தங்கிவிடும். இளம் இலைகள் வெளுக்கும். 1951இல் அதே பெர்க்லியில் ஜேக்கப்சன் இரும்பை ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தோடு பிணைத்து, கரைசலிலேயே நிற்கும்படி செய்தார். பிறகு பிளாஸ்டிக் மலிவானது. துத்தநாகம் பூசிய தொட்டி வேருக்கு நஞ்சாகுமே என்ற கவலையும் போனது.

குடைமிளகாயைப் பெரிய அளவில் இந்த வழிக்குக் கொண்டுவந்தவர்களில் நெதர்லாந்துக்காரர்கள் முக்கியமானவர்கள். கண்ணாடிக் குடில்களின் மண்ணில் நோய் மண்டவே, பாறையை உருக்கி நூலாக இழுத்த பாறைப்பஞ்சில் நட்டார்கள். பின்னர் தென்னைநார்க் கழிவும் அதற்குப் போட்டியாக வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் மலையாகக் குவிந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்த இந்தக் கழிவு (பித்), கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறியது. அதில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. நன்றாக அலசி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்துத்தான் செடி வைக்க வேண்டும்.

மிளகாய் விஷயத்தில் ஆட்டம் காட்டுவது இந்தக் கால்சியம்தான். காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போலச் சுருங்கினால், கரைசலில் கால்சியம் குறைவு என்று நினைத்து இன்னும் கொட்டுவார்கள். பெரும்பாலும் சத்து வாளியிலேயே இருக்கும். கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறும். அந்த நீரை இழுப்பது இலைகளின் ஆவியாதல். காய் அவ்வளவாக ஆவிவிடாது என்பதால் அதன் பங்கு எப்போதும் குறைவு. உப்புச் செறிவு ஏறினால் வேர் நீரை இழுக்கத் திணறும்; குடிலில் புழுக்கம் கூடினால் ஓட்டமே மந்தமாகும். இரண்டிலும் முதலில் காய்வது காயின் நுனிதான். அப்போது உரத்தைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, கரைசலைக் கொஞ்சம் நீர்க்க வைத்தால் அடுத்து வரும் காய்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும்.