தீக்‌ஷா தளத் தரவுக் கசிவு

இந்தியப் பள்ளிக்கல்விக்காக ஒன்றிய அரசு நடத்தும் தீக்‌ஷா இணையவழிக் கற்றல் தளத்தின் தரவுகள் பாதுகாப்பின்றி வெளியே கிடந்த நிகழ்வு. 2023 ஜனவரியில் வயர்டு இதழ் இதை வெளிக்கொணர்ந்தது.

2017இல் தொடங்கிய தீக்‌ஷா, பாடப்புத்தகத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் காணொளியைத் திறந்து காட்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இக்குறியீடு உண்டு. கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடியபோது கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு இதுவே வகுப்பறையாயிற்று.

இந்தக் கசிவில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. தரவுகளை வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் அஸூர் கிளவுட் சேமிப்பகத்துக்குக் கடவுச்சொல் காப்பே இல்லை. முகவரி தெரிந்த எவரும் கோப்புகளைத் திறக்கலாம். சில கோப்புகள் கூகுள் தேடலிலேயே அகப்பட்டன. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் அவற்றில் இருந்தன. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் எண்ணும் மின்னஞ்சலும் பாதி மறைக்கப்பட்டிருந்தாலும், முழுப்பெயரும் பள்ளியும் படித்த பாட விவரமும் அப்படியே தெரிந்தன. ஒரு குழந்தையை அடையாளம் காண இவ்வளவே போதும் என்பதால் அந்த அரைகுறை மறைப்பைப் பாதுகாப்பு என்று ஏற்க இயலாது. ஓராண்டுக்கு மேல் திறந்தே கிடந்த சேமிப்பகம் பிறகு மூடப்பட்டது.

மாணவரின் இருப்பிடத்தைத் துல்லியமாக அறியும் வசதி தீக்‌ஷா செயலியில் உள்ளதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022இலேயே சுட்டியிருந்தது. இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை அது கோருகிறது.