மத்தரோவில் நின்றுபோன மிஷின்கள்

பார்சிலோனாவிலிருந்து கடலோரமாகவே வடகிழக்கே போகும் ரயில் பாதை 1848 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஐபீரியத் தீபகற்பத்தில் ஓடிய முதல் ரயில் அதுதான். அது போய் நின்ற ஊர் மத்தரோ. அந்த ஊர்க்காரரான மிக்கேல் பியாதா முன்னின்று போட வைத்த பாதை. திறப்பைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, சில மாதம் முன்பே காலமாகிவிட்டார். பின்னாளில் பனியனும் ஜட்டியும் காலுறையும் பின்னிப் பின்னியே பெயர் வாங்கியது இந்த மத்தரோ. திருப்பூரில் நிட்டிங்கே பிழைப்பு என்று இருந்த எனக்கு, மகன் வேலை பார்க்கும் பார்சிலோனாவுக்கு நானும் மனைவியும் போன பிறகுதான் இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிய வந்தது.

போன புதிதில் எல்லோரும் பார்ப்பதைத்தான் பார்த்தோம். சக்ராடா ஃபாமிலியா கோயில், ரம்ப்ளா வீதி, பார்சலோனெட்டா கடற்கரை. இடையில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். மனைவி பேட்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து பிள்ளைகளை வளர்த்தவள். ஒரு டி-சர்ட்டை எடுத்தவள் விலையைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பி, கீழ்மடிப்பை விரலால் நீவி, இழுத்துப் பார்த்தாள். "ஏனுங்க, நம்மூரு தையலாட்ட இருக்குதுங்க" என்றாள். பக்கத் தையலில் இருந்த துண்டு லேபிளில் மேட் இன் இந்தியா என்றிருந்தது. கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எந்த மொழியில் சொல்வது?

அந்த நகரத்தின் பணமே துணியில் வந்ததுதான் என்று மகன் சொன்னான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு அச்சுப் பருத்தித் துணிக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப் ஆசியத் துணி உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டார். தடை வந்ததும் அதே மாதிரித் துணியைத் தாங்களே அச்சடிக்கும் பட்டறைகளை 1730-களில் பார்சிலோனாக்காரர்கள் தொடங்கினார்கள். அந்தத் துணிக்கு இந்தியானெஸ் என்றே பெயர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பட்டறைகள் பெருகிவிட்டன. அடுத்த நூற்றாண்டில் நீராவி மில்கள் வந்தன. பொப்ளெனோ பகுதி புகைபோக்கிக் காடாகவே ஆனது. கடலோர ஆலைகள் பலவற்றை இடித்துத்தான் 1992 ஒலிம்பிக் வீரர்களுக்குக் குடியிருப்பு கட்டினார்கள். ஆனாலும் சில புகைபோக்கிகளை இடிக்காமல் பூங்காக்களின் நடுவே நிற்க விட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மத்தரோவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் வலது கைப்பக்கம் கடல். அங்கே கான் மர்ஃபா என்ற பழைய செங்கல் ஆலையை 2015-இல் பனியன் தொழிலுக்கான அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே போனதும் நான் முதலில் தேடியது பின்னல் மிஷினின் நீடிலைத்தான்.

நாக்கு வைத்த அந்த ஊசியை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் 1840-களில் கண்டுபிடித்தார்கள். திருப்பூரில் இன்று ஓடும் கம்ப்யூட்டர் மிஷினிலும் அடிப்படை அதேதான். ஊசி மேலே ஏறும்போது கொக்கியில் கிடந்த பழைய கண்ணி கீழே வழுக்கி நாக்கைத் தாண்டிவிடும். நாக்கு திறந்த கொக்கியில் புது நூல் விழும். ஊசி இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கைத் தள்ளி மூடி, ஊசிக்கு மேலே கழன்று போகும். புதுக்கண்ணி அதற்குள் புகுந்து வரும். சிலிண்டரைச் சுற்றி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஊசிகள் இதையே செய்துகொண்டிருக்க, துணி குழாயாக இறங்கும். ஓர் ஊசியின் நாக்கு வளைந்தால் போதும், துணி நெடுக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை இருட்டிலும் கையால் தடவிக் கண்டுபிடிக்கும், மிஷினைப் பழுது பார்க்கும் பிட்டர்கள் எங்கள் ஊரில் உண்டு.

1925-இல் குலாம் காதர் என்பவர் தொடங்கியதைத்தான் திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்று சொல்வார்கள். கையால் சுற்றும் மிஷின்கள். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்தது. ஆனாலும் பனியன் என்றால் கல்கத்தா என்ற காலம் வெகுநாள் நீடித்தது. வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி 1978-இல் பம்பாய் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி வந்ததுதான் ஏற்றுமதிக்குப் பிள்ளையார் சுழி. அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம். 2005 தொடக்கத்தில், வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா முறை ஒழிந்தது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆறு கெடுவதைத் தடுக்க உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

ஊரறிந்த கதைக்குள் ஊர் பேசாத கதையும் உண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நான் அப்போது பிட்டருக்கு எடுபிடியாக இருந்த பையன். முதல் மாதம் கடைக்காரர் கடன் கொடுத்தார். பிறகு அவரிடமும் இல்லை. பல குடும்பங்கள் காங்கயம், தாராபுரம் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிப் போயின. அதற்குப் பிந்தைய வருஷங்களில்தான் ஒரே கூரைக்குள் இருந்த வேலை உடைந்து நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், தையல் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்காகச் சிதறுவது வேகம் பிடித்தது. சங்கம் கட்டவும் கூலி கேட்கவும் ஆள் ஒன்றுசேர இடமில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மத்தரோவிலும் இதேபோல் நடந்திருக்கிறது. 1970-களின் நெருக்கடியில் பெரிய ஆலைகள் தள்ளாடின. வேலை சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் போனது. பெண்கள் சாப்பாட்டு அறையில் ஓவர்லாக் மிஷினைப் போட்டு, கணக்கிலும் காப்பீட்டிலும் வராத கூலிக்குத் தைத்தார்கள். பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்க, அந்த மிஷின்களும் நின்றன. இறங்கிய துணியில் நம்மூர்த் துணியும் இருந்திருக்கும். அருங்காட்சியகத்தில் தையல் மிஷின்கள் இருந்த பக்கம் மனைவி வெகுநேரம் நின்றாள். "இவங்களும் எந்திரிக்காமயே தெச்சிருப்பாங்க, பாவம்" என்றாள். முதுகுவலி உள்ளவள் சொன்னது.

அந்த ஊர் தன் மிஷின்களை எடுத்து வைத்திருக்கிறது. நாம்? 1990-களில் ஜப்பான், ஜெர்மனி மிஷின்கள் வந்து இறங்கியபோது, லூதியானாவில் செய்த பழைய மிஷின்களும் அதற்கும் முந்தைய கை மிஷின்களும் எடைக்கு எடை பழைய இரும்பாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வார்ப்பிரும்பு கனம் என்பதால் சம்மட்டியால் உடைத்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

இன்னும் காலம் போய்விடவில்லை. திருப்பூரிலும் இப்படி ஓர் அருங்காட்சியகம் வைக்க, காதர்பேட்டைப் பக்கம் ஒரு பழைய குடோன் போதும். பார்வைக்கு நிறுத்தி வைத்தால் போதாது, ஒரு மிஷினாவது ஓட வேண்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டி இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நான் ஒரு பழைய சிலிண்டரைத் தருகிறேன். மனைவி தன் பீஸ் ரேட் கணக்கு நோட்டுகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவற்றில் வாராவாரம் எத்தனை பீஸ், என்ன கூலி, எவ்வளவு முன்பணம் பிடித்தம் என்று எல்லாம் அவள் கைப்பட இருக்கிறது. ஆனால் இதை ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே செய்ய வேண்டும். முதலாளிகள் மட்டும் செய்தால் முதல் ஷிப்மென்ட் போட்டோ சுவரில் இருக்கும், 127 நாள் போராட்ட நோட்டீஸ் இருக்காது. தொழிற்சங்கம் மட்டும் செய்தால், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இரண்டு மிஷின் போட்ட கூலிக்காரனின் கதை விட்டுப்போகும்.