கழுகுமலைக்கு எத்தனை எழுத்து? ஒரு லினக்ஸ் கட்டளையின் வரலாறு

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 'கழுகுமலை', இதுல எத்தனை எழுத்து? க, ழு, கு, ம, லை. ஐந்து. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிடும்.

லினக்ஸில் எழுத்து எண்ண 'டபிள்யூசி' என்றொரு கட்டளை உண்டு. 1971-இன் முதல் யுனிக்ஸிலிருந்தே வருகிற பெயர் அது. அதனிடம் பைட் கணக்கு கேட்டால் 24 என்கிறது. எழுத்துக் கணக்கு கேட்டால் 8.

ஏன் 8? 1991 அக்டோபரில் வந்த யூனிகோடின் முதல் பதிப்பு, இந்திய அரசின் 1988 இஸ்கி தரத்தை ஒட்டித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் 'ழு' ஒரே எழுத்து இல்லை. ழகரமும் உகரக் குறியும் தனித்தனி. கு, லை இரண்டும் அப்படித்தான். ஆக, ஐந்தோடு மூன்று கூடிப்போச்சு.

இதைச் சரிசெய்யும் நிரல் எழுதுவது பெரிய வித்தை இல்லை. எழுதியவரின் கணினியைத் தாண்டி அது எப்படி ஊருக்குப் போகிறது என்பதுதான் கதை.

ஆரம்ப கால லினக்ஸில் மூலநிரலை ஒரு கட்டாக இறக்கி, நாமே கம்பைல் பண்ணணும். நடுவில் ஒரு லைப்ரரி இல்லைன்னா அன்னைக்கு வேலை அவ்வளவுதான். 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் இதற்கு ஒழுங்கு கொண்டுவந்தது. நிரலோடு, அதற்கு வேறென்ன தேவை, எந்தப் பதிப்பு, என்ன உரிமம், யார் எப்போது எதை மாற்றினார் என்பதெல்லாம் ஒரே பொதிக்குள். பைத்தான் உலகில் 2003-இல் பைபிஐ என்ற பொதுக் கிடங்கும், 2008-இல் 'பிப்' கருவியும் வந்தன.

இந்த வழியாகத்தான் தமிழும் வந்தது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்களும் 'ஓப்பன்-தமிழ்' நூலகத்தை பைபிஐ-யில் வெளியிட்டார்கள். அது கழுகுமலையை ஐந்தாகவே எண்ணும். கூடவே கட்டளைவரிக் கருவிகளும் உண்டு: பழைய திஸ்கி கோப்பை யூனிகோடாக்க ஒன்று, சொற்களை எண்ண ஒன்று. கோவில்பட்டியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு 'பிப் இன்ஸ்டால்' என்ற ஒரே வரி போதும்.

ஆனா அந்த ஒரு வரியில் நாம் யாரை நம்புறோம்?

கழுகுமலைச் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில், இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று பெயர் வெட்டியிருக்கும். பொதியின் மாற்றப் பட்டியலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் பெயர் மட்டும் போதாது என்பதை 2024 காட்டியது. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் சுருக்குக் கருவி எக்ஸ்இசட். அதைப் பல வருடம் கிட்டத்தட்டத் தனியாகச் சுமந்தவர் லாஸ்ஸே காலின். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து, பொறுமையாக உதவி, வெளியீட்டுப் பொறுப்பையே வாங்கிக்கொண்டார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தார். அதை இயக்கிவிடும் வரிகள் பொதுவில் தெரியும் மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தன. உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

எக்ஸ்இசட்டுக்கே ஒற்றைத் தோள்தான் இருந்தது என்றால், தமிழ்க் கருவிகளை யோசிச்சுப் பாருங்க. அவற்றை இறக்குகிறவர்கள் உண்டு. வெளியீட்டுக்கு முன் ஓட்டிப் பார்த்து, 'இந்தப் பதிப்பில் இது உடையுது' என்று சொல்கிறவர்கள்தான் தேவை. அதற்குப் பெரிய நிரலர் ஆக வேண்டியதில்லை. உங்க ஊர்ப் பெயரைக் கொடுத்து, எழுத்தை எண்ணச் சொல்லுங்க. கணக்கு தப்பினா, எழுதிப் போடுங்க.